ஜிமாற், ஜிஆர்ஈ சோதனைக்கு ஆங்கிலச் சொற்கள்: எவ்வளவு, எப்படி?

நெல்லியடியான்

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் கம்பஸில் வணிகம் படித்து முடித்தேன். இப்போது ஒரு நிதி நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை. வெளிநாட்டில் எம்பிஏ செய்யும் யோசனை இருக்கிறது, அதற்கான நுழைவுச் சோதனைகள்தான் ஜிமாற்றும் ஜிஆர்ஈயும். கணிதப் பகுதி பற்றிப் பயமில்லை, ஆங்கிலம்தான் பிரச்சினை. ஏலெவல் வரை தமிழ் மூலம். பொது ஆங்கிலம் கம்பஸ் அனுமதிக்கான இசற்புள்ளிக்குச் சேராது என்பதால் அதை எங்கள் வகுப்பில் யாரும் கணக்கெடுக்கவில்லை. கம்பஸில் ஆங்கில மூலம் என்றாலும் அங்கே வந்தது ஐந்நூறு அறுநூறு பாடச் சொற்கள்தான், அவற்றை வைத்தே ஓடிவிட்டோம்.

ரவுணில் ஒரு இடத்தில் விசாரித்தபோது 3500 சொற்கள் கொண்ட ஒரு கட்டைப் போட்டோக்கொப்பி அடித்துத் தந்தார்கள். ஏ முதல் இசற் வரை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒற்றைச் சொல்லில் பொருள். “இதைப் பாடமாக்கினால் வேபல் முடிஞ்சுது” என்று ஆங்கிலப் பகுதியைப் பற்றிச் சொன்னார் அங்கே இருந்தவர். நான் இன்னும் ‘ஏ’யை விட்டு வெளியே வரவில்லை. அபேற், அபேற்மன்ற், அபெற், அபேயன்ஸ் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று குழம்பிக் கிடக்கின்றன.

இவ்வளவு சொல் உண்மையிலேயே தேவையா? ஆம் என்றால் எப்படி மறக்காமல் வைத்திருப்பது? எழுதியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சுண்டுக்குளி_அக்கா

தம்பி, எந்தச் சோதனை எழுதப் போகிறீர்கள் என்று சொல்லவேயில்லையே. அதை முடிவெடுக்காமல் சொற்பட்டியலைத் தொடாதீர்கள்.

ஜிமாற் என்றால் நேரடியாகச் சொல்லறிவைக் கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. 2023 நவம்பரில் புதிய வடிவம் வந்தது. இப்போது மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். கணிதத்தில் 21 கேள்வி, வேபலில் 23, தரவுப் பகுதியில் 20. மொத்தப் புள்ளி 205 முதல் 805 வரை. பழைய சோதனையில் வசனத்தைத் திருத்தும் கேள்வி இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். கட்டுரையும் இல்லை. வேபலில் மிச்சமிருப்பது வாசித்து விளங்குதலும் தர்க்கக் கேள்விகளும்தான்.

ஜிஆர்ஈ வேறு கதை. அங்கே வெற்றிடம் நிரப்புதல் இருக்கிறது, ஒரே பொருள் தரும் இரண்டு சொல்லைத் தேர்கிற கேள்வி இருக்கிறது. சொல் தெரியாவிட்டால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. இப்போது பெரும்பாலான பிஸ்னஸ் ஸ்கூல்கள் இரண்டில் எது எழுதினாலும் ஏற்கின்றன. எனவே இது நீங்கள் தெரிவு செய்யக்கூடிய விஷயம்.

அந்தக் கட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்றும் சொல்கிறேன். 2011 ஆகஸ்டுக்கு முந்திய ஜிஆர்ஈயில் எதிர்ச்சொல் கேள்வியும் ஒப்புமைக் கேள்வியும் தனியாக வந்தன. வசனமே இல்லாமல் வெறும் சொல்லை வைத்துக் கேட்பார்கள். அந்தக் காலத்துக்கு 3500 சொல் பாடமாக்கியவர்களுக்குப் பலன் கிடைத்தது. கேள்வி போய்விட்டது, கட்டு மட்டும் போட்டோக்கொப்பிக் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இரவுபஸ்

அக்கா சொன்னது சரி. ஆனால் ஜிமாற்றுக்குச் சொல்வளமே வேண்டாம் என்று தம்பி எடுத்துக்கொள்ளக் கூடாது. தேவைப்படும் சொற்கள் வேறு வகை, அவ்வளவுதான்.

நாங்கள் அறிந்ததாக நினைக்கும் சொற்கள்தான் அங்கே காலை வாரும். “ஆசிரியரின் மனப்பாங்கு என்ன?” என்று ஒரு கேள்வி வரும். விடைகளில் ஒன்று ‘குவாலிஃபைட் அப்ரூவல்’. குவாலிஃபைட் என்றால் தகுதி பெற்ற, எனவே முழு மனதான பாராட்டு என்று நினைத்துப் பல பேர் அதைத் தவிர்ப்பார்கள், அல்லது பிழையான இடத்தில் தெரிவு செய்வார்கள். அங்கே அதன் பொருள், சில குறைகளைச் சொல்லிக்கொண்டு ஏற்பது. கணக்குப் பகுதியில் இருப்பவருக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. கணக்காய்வாளர் ‘குவாலிஃபைட் ஒப்பீனியன்’ தந்தால் உங்கள் முகாமையாளர் சந்தோஷப்படுவாரா?

இதே மாதிரி ‘டிஸ்கவுன்ற்’. உங்களுக்கு அது கழிவு. வாசிப்புப் பந்தியில் ஒரு ஆய்வாளர் இன்னொருவரின் சான்றை டிஸ்கவுன்ற் செய்தார் என்றால், அதைப் பொருட்படுத்தாமல் தள்ளினார் என்று பொருள். ‘அரெஸ்ற்’ என்று வந்தால் பொலிஸைத் தேட வேண்டாம், வீழ்ச்சியைத் தடுத்து நிறுத்தினார்கள் என்பதற்கும் அதுதான் சொல். ‘ரெம்பர்’ என்றால் கோபம் மட்டுமல்ல, தணிப்பதும். ‘சாம்பியன்’ வினையாக வந்தால் ஒரு கொள்கைக்காக முன்னின்று வாதாடுவது. ‘சாங்ஷன்’ இருக்கிறதே, அது அனுமதியும் ஆகும், தண்டனையும் ஆகும். பந்தியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கலாம்.

அடுத்தது இணைப்புச் சொற்கள். தர்க்கக் கேள்வியில் ‘இஃப்’ வருவதும் ‘ஒன்லி இஃப்’ வருவதும் ஒன்றல்ல. தமிழில் யோசித்தால் உடனே பிடிபடும். “விற்பனை கூடினால் கிளை திறப்போம்.” “விற்பனை கூடினால்தான் கிளை திறப்போம்.” முதலாவதில் விற்பனை கூடாமலும் வேறு காரணத்துக்காகத் திறக்கலாம். இரண்டாவதில் அது முடியாது, அதேவேளை விற்பனை கூடிவிட்டது என்பதற்காகத் திறந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. ‘அன்லெஸ்’ எங்கள் ‘ஆலொழிய’. ‘நொற்விதஸ்ராண்டிங்’, ‘ஓல்பீயிற்’ இரண்டும் ‘இருந்தாலும்’ குடும்பம். இவை எல்லாம் சேர்த்து ஐம்பதைத் தாண்டாது. அந்த ஐம்பதும் தண்ணி பட்ட பாடாக இருக்க வேண்டும், வாசிக்கும்போது நின்று யோசிக்கக் கூடாது.

ஓய்வு_வாத்தியார்

எல்லோரும் பாடமாக்குவதைக் குறை சொல்வதால் நானும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். சொல்லை மனதில் வைத்திருக்காமல் எந்த மொழியும் வராது. எங்கள் ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு, அதாவது சொற்பொருளைச் செய்யுளில் சொல்லும் நூல், பாடமாக்கியவர்கள் எண்பது வயதிலும் செய்யுளுக்கு உரை கேட்டால் தடுமாறியதில்லை.

ஆனால் தம்பி, அவர்கள் எதைப் பாடமாக்கினார்கள் என்று பாருங்கள். 1842இல் வெளியான யாழ்ப்பாண அகராதியில், மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள், 58,500 சொல் இருந்தது. அதை யாரும் பாடமாக்கவில்லை. அகராதி தேடுவதற்கு. பாடமாக்கியது நிகண்டை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதி. முதற் பத்தில் சொற்கள் பொருள்வாரியாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும். தேவர் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர், அப்படியே பண்பு, செயல், ஒலி என்று போகும். பதினோராவது தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது, அது எதுகை வரிசையில் கட்டப்பட்டிருக்கும். எல்லாம் செய்யுள். ஓசை அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வரும். நாவலர் பெருமானே அதைப் பதிப்பித்தார் என்றால் அதன் தேவையைப் பாருங்கள்.

உங்கள் கையில் இருப்பது அகராதி. அதை நிகண்டு என்று நினைத்துக்கொண்டு உருப்போட்டால் ‘ஏ’யில்தான் நிற்பீர்கள். அபேற்றும் அபெற்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதற்கு எழுத்து ஒற்றுமை தவிர வேறு காரணம் இல்லை. ஒன்று தணிவது, மற்றது குற்றத்துக்குத் துணைபோவது.

பனைவடலி

வாத்தியார் சேர் சொன்னதற்கு ஒரு பெரிய கும்பிடு. ஜிஆர்ஈ எழுதியவன் என்ற முறையில் அதையே நான் வேறு வழியால் சொல்கிறேன்.

ஜிஆர்ஈயில் ஒரு வகைக் கேள்வி: ஒரு வசனம், ஒரு வெற்றிடம், ஆறு சொற்கள். இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டில் எதைப் போட்டாலும் வசனத்தின் பொருள் ஒன்றாகவே வரவேண்டும். ஒன்று சரி ஒன்று பிழை என்றால் அரைப் புள்ளி கிடையாது. நானே ஒன்று கட்டிக் காட்டுகிறேன், வசனத்தைத் தமிழில் வைத்துக்கொள்வோம்:

“மணிக்கணக்கில் பேசிப் பழகிய அந்த அமைச்சர் அன்று செய்தியாளர்களிடம் வியப்பூட்டும் அளவுக்கு ______ இருந்தார். இரண்டே வசனத்தில் சந்திப்பு முடிந்துவிட்டது.”

சொற்கள்: கறுலஸ், ரேர்ஸ், இவேசிவ், லொக்குவேஷஸ், கோடியல், லக்கோனிக்.

இவேசிவ் என்றால் நழுவிப் பேசுவது. அமைச்சர் என்றதும் கை அங்கேதான் போகும். ஆனால் அதற்குப் பட்டியலில் சோடி இல்லை, தவிர வசனம் பேசுவது நீளத்தைப் பற்றி, நழுவலைப் பற்றியல்ல. கறுலஸ், லொக்குவேஷஸ் இரண்டும் நல்ல சோடி, இரண்டுக்கும் வளவளவென்று பேசுவது என்றே பொருள். அதுதான் பொறி. சோடியை மட்டும் தேடுகிறவர் அதில் விழுவார். ‘வியப்பூட்டும் அளவுக்கு’ என்ற திருப்பத்தைக் கவனித்தவர் எதிர்ப்பக்கம் போவார். ரேர்ஸ், லக்கோனிக். சுருங்கப் பேசுவது.

இதற்குத் தயாராக, பேச்சு என்று ஒரு தலைப்புப் போட்டுக் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கம் அதிகம் பேசுவது: கறுலஸ், லொக்குவேஷஸ், வோலுபிள், வேபோஸ், புறொலிக்ஸ். வலது பக்கம் குறைவாகப் பேசுவது: ரேர்ஸ், லக்கோனிக், ரசிற்றேர்ன், ரெற்றிசன்ற், சக்சிங்ற். பிறகு அதற்குள் வேறுபாடு. லக்கோனிக் ஆள் இரண்டு சொல்லில் முடிப்பார். ரசிற்றேர்ன் ஆளுக்கு வாயைத் திறக்கவே விருப்பமில்லை. சக்சிங்ற் பாராட்டு, பேச்சுக்கோ எழுத்துக்கோ சொல்வது. புறொலிக்ஸ் குற்றச்சாட்டு.

பணத்துக்கு ஒரு பக்கம். ஃபுறூகல் சிக்கனம், நல்ல சொல். பார்சிமோனியஸ் என்றால் கசவாரம். புறொடிகல் வாரி இறைப்பவன். அடுத்து பிடிவாதம், தெளிவு, தணித்தல், புகழ்தல், இகழ்தல். இந்த மாதிரி முப்பது நாற்பது பக்கம் போதும், ஜிஆர்ஈயில் திரும்பத் திரும்ப வருகிற சொற்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். வெற்றிடக் கேள்வியில் பொருள் முழுதாக நினைவு வராவிட்டாலும், இது நல்ல பக்கமா கெட்ட பக்கமா என்று தெரிந்தாலே பாதி விடைகளை வெட்டலாம்.

கலண்டர்_தாள்

எப்படி வகுத்தாலும் மறக்கத்தான் செய்யும். 1885இல் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன்காரர் பொருளற்ற அசைகளைத் தானே பாடமாக்கித் தானே சோதித்து, மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்று காட்டினார். அதனால் ஒரு சொல்லை ஒரே இரவில் இருபது தரம் சொல்வதைவிட, நாளைக்கு ஒரு தரம், மூன்று நாள் கழித்து ஒரு தரம், ஒரு கிழமை கழித்து ஒரு தரம், பிறகு மாதக் கடைசியில் ஒரு தரம் பார்ப்பது நல்லது. மறக்கப் போகிற நேரத்தில் நினைவுபடுத்துவதுதான் சூட்சுமம்.

இதற்கு ‘அங்கி’ என்று ஒரு செயலி இருக்கிறது. அன்றொயிட் போனிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. எந்தச் சொல்லை என்றைக்குக் காட்டுவது என்று அதுவே கணக்குப் போடும். போன் எடுத்தால் ரிக்ரொக்கில் போய் நிற்கிற ஆள் என்றால் காகிதமே நல்லது. நாட்கலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது. ஒரு பக்கம் வசனம், மறுபக்கம் பொருள். ஐந்து சப்பாத்துப் பெட்டி அல்லது ஐந்து கடித உறை. சரியாகச் சொன்ன தாள் அடுத்த உறைக்குப் போகும், பிழைத்தால் முதலாவது உறைக்கே திரும்பும். முதலாவது உறை தினமும், கடைசி உறை மாதம் ஒருமுறை. லைற்னர் என்பவர் சொன்ன முறை இது.

இரண்டு விஷயம் முக்கியம். தாளின் முன்பக்கம் வெறும் சொல்லை எழுதாதீர்கள், அந்தச் சொல் வந்த வசனத்தை எழுதுங்கள். மற்றவர் செய்த ஆயிரம் தாளை இறக்கிவைக்காதீர்கள், நீங்களே எழுதுகிறபோதுதான் பாதி மனதில் நிற்கும். ஒரு நாளைக்குப் பத்துப் புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் ஆசையில் ஐம்பது போட்டால் மூன்றாம் வாரம் மீட்டல் மட்டும் முந்நூறு வந்து நிற்கும், அன்றைக்கே விட்டுவிடுவீர்கள்.

வேளச்சேரி_யாழ்

சென்னையில் இருந்து எழுதுகிறேன். இந்தியப் பக்கம் யோசிப்பவர்களுக்காகச் சின்னக் குறிப்பு. இந்திய முகாமைத்துவக் கல்லூரிகளான ஐஐஎம்களுக்குரிய ‘கற்’ (CAT) என்ற நுழைவுச் சோதனையில் வேபல் பகுதி அநேகமாக முழுக்க வாசிப்பும் பந்தி ஒழுங்குபடுத்தலும்தான், நேரடிச் சொல் கேள்வி அண்மைக் காலத்தில் வருவதில்லை. எக்ஸாற், ஸ்னாப், என்மாற் என்ற மற்ற இந்திய எம்பிஏ நுழைவுச் சோதனைகளில் சொல்லறிவு இன்னும் வரும். ஆனால் கற் நிலையங்கள் இந்தியாவில்தான். இலங்கைக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டு மாணவராக ஐஐஎம்முக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஜிமாற் வழி திறந்திருக்கிறது. அதனால் எங்களவர்கள் கற் வகுப்புக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

நெல்லியடியான்

அக்கா, அண்ணைமார், சேர், எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விளக்கமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜிமாற் பக்கம்தான் சாய்கிறேன். கணிதமும் தரவுப் பகுதியும் எனக்கு வசதி. இப்போது கேள்வி வாசிப்பு பற்றியது. எல்லோரும் ஆங்கிலப் பத்திரிகை வாசி என்கிறார்கள். எடுத்தால் முதற் பந்தியில் எட்டுச் சொல் தெரியாது. அகராதி பார்த்துப் பார்த்து ஒரு கட்டுரைக்கு ஒரு மணி நேரம் போகிறது. இது வாசிப்பா, அகழ்வாராய்ச்சியா என்று தெரியவில்லை.

சுண்டுக்குளி_அக்கா

தம்பி, உங்களுக்கு மட்டும் பொருந்துகிற ஒரு வழி இருக்கிறது. மத்திய வங்கியின் ஆண்டு வெளியீடு மூன்று மொழியிலும் வருகிறது, இணையத்தில் இலவசம். தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். பணவீக்கம், இறைக் கொள்கை, சென்மதி நிலுவை எல்லாம் ஏலெவல் பொருளியலிலேயே தமிழில் படித்தவை. பொருள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதற்கு ஆங்கிலத்தில் எப்படி வசனம் கட்டுகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதும். அதுவும் மத்திய வங்கி ஆங்கிலம் ஜிமாற் பந்தி மாதிரியே நீள நீளமாக, ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் கட்டிய வசனம். சில வேளை தமிழ்ப் பிரதியைப் புரிந்துகொள்ள ஆங்கிலப் பிரதியைப் பார்க்க வேண்டி வரும், அது வேறு விஷயம்.

2022இல் இருந்து தொடங்குங்கள். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது நினைவிருக்கும். அந்த ஆண்டு பற்றி எழுதப்பட்ட எதை எடுத்தாலும் டிஃபோல்ற், மொறற்றோரியம், ஒஸ்ரெரிற்றி, எக்ஸாசபேற், மிற்றிகேற், கன்ரிஞ்சன்ற், அன்பிறெசிடென்ரட் என்று வரிசையாக வரும். எரிபொருள் வரிசையில் நின்ற ஆளுக்கு, இருப்பதை இன்னும் மோசமாக்குவது என்று பொருள்படும் எக்ஸாசபேற் என்ற சொல்லுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை.

வாசிக்கும் முறைக்கு வருவோம். முதல் தடவை அகராதியைத் தொடவே கூடாது. ஒரு பந்தி வாசித்ததும் மூடிவைத்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார் என்று தமிழில் ஒரு வசனம் எழுதுங்கள். எழுத முடிந்தால் தெரியாத சொற்கள் உங்களைத் தடுக்கவில்லை என்று அர்த்தம், விட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போங்கள். எழுத முடியாமல் எந்தச் சொல் நடுவில் குறுக்கே நின்றதோ அதை மட்டும் பாருங்கள். எட்டில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அவைதான் கலண்டர் தாளுக்குப் போகவேண்டிய சொற்கள்.

ஆனால் பொருளாதாரம் மட்டும் வாசித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஜிமாற் பந்தி எறும்புக் கூட்டத்தைப் பற்றி வரும், எரிமலை பற்றி வரும், அமெரிக்கப் பெண் தொழிலாளர் வரலாறு பற்றி வரும். பிடிக்காத துறையில்தான் வேகம் குறையும். வாரத்தில் ஒரு நாள் பொதுசன நூலகத்துக்குப் போய் உங்களுக்கு இஷ்டமில்லாத பகுதியில் இருந்து ஒன்றை எடுத்து வாசியுங்கள்.

மூலவேர்

யாரும் வேர்ச்சொல் பற்றிப் பேசவில்லையே? இலத்தீன், கிரேக்க வேர்கள் நூறு தெரிந்தால் ஆயிரம் சொல் தானாக வரும். ‘பெனி’ வந்தால் நல்லது, ‘மல்’ வந்தால் கெட்டது, ‘லொக்கு’ வந்தால் பேச்சு. பனைவடலி மேலே சொன்ன லொக்குவேஷஸ் அதுதான். எலோக்குவன்ற், கொலோக்கியல், சோலிலக்குவி எல்லாம் ஒரே குடும்பம். பட்டியலைவிட இது எவ்வளவோ மேல்.

பனைவடலி

அண்ணை, தெரிந்த சொல்லை நினைவில் கட்டிவைக்க வேர் நல்லது. தெரியாத சொல்லை ஊகிக்க அதை நம்பிப் போனால் சில இடங்களில் குழியில் தள்ளிவிடும். ‘எனவேற்’ பார்த்தால் எனேர்ஜி மாதிரி ஊட்டம் தருவது போல ஒலிக்கும். பொருள், பலத்தை உறிஞ்சுவது. ‘ரெஸ்ரிவ்’ ஓய்வாக இருப்பதல்ல, இருப்புக்கொள்ளாமல் இருப்பது. ‘நொய்சம்’ சத்தம் அல்ல, நாற்றம். ‘டிஸ்இன்ரறெஸ்ரட்’ ஆர்வமில்லாதவர் என்று எடுத்தால் பிழைக்கும், சோதனையில் அது பக்கச்சார்பற்றவர். ஜிஆர்ஈ கேள்வி தயாரிப்பவர்களுக்கு இந்தச் சொற்கள் என்றால் கொள்ளை ஆசை.

மூலவேர்

அந்த நான்கையும் தனியாகப் பாடமாக்கினால் போயிற்று. விதிவிலக்குக்காக விதியை விடுவதா? நான் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

ஓய்வு_வாத்தியார்

மூலவேர் தம்பி, பகுதி விகுதி பிரித்துப் பொருள் காணப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு அது சுலபமாக வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘நாற்றம்’ என்று ஒரு சொல் சங்க இலக்கியத்தில் எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேர் அதே வேர்தான். பனைவடலி பக்கம்தான் என் வாக்கு.

நெல்லியடியான்

ஒரு செய்தி. ஜிமாற் நடத்துபவர்களின் தளத்திலேயே இரண்டு மாதிரிச் சோதனை இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றை நேரம் வைத்துச் செய்து பார்த்தேன். பிழைத்த வேபல் கேள்விகளை எல்லாம் இரவு உட்கார்ந்து பிரித்தேன். சொல் தெரியாததால் பிழைத்தவை மிகக் குறைவு. பெரும்பாலானவை இரண்டு விடைக்கு இடையில் நின்று தவறானதைத் தெரிவு செய்தவை, மிச்சம் கடைசியில் நேரம் இல்லாமல் குத்துமதிப்பாக அடித்தவை. இரவுபஸ் அண்ணை சொன்ன அந்த ‘ஒன்லி இஃப்’ அப்படியே ஒரு கேள்வியில் வந்தது, அது மட்டும் சரி.

அப்படியென்றால் நான் சொல்லுக்குச் செலவழிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டுமா?

இரவுபஸ்

ஆம். நாளுக்கு அரை மணி நேரம் சொல், மிச்சம் முழுக்கக் கேள்வி. ஒவ்வொரு தர்க்கக் கேள்வியிலும் விடைகளைப் பார்க்கும் முன், முடிவு எது, ஆதாரம் எது, இரண்டுக்கும் நடுவில் சொல்லாமல் விட்டது எது என்று மூன்றையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் சரி. இரண்டு விடைக்கு இடையில் நிற்பது பெரும்பாலும் அந்த மூன்றாவதைச் சொல்லாததால்தான்.

45 நிமிடத்துக்கு 23 கேள்வி என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாக இல்லை, அதற்குள் பந்தி வாசிப்பும் அடக்கம். ஒரு பகுதி முடிந்ததும் நேரம் மிச்சம் இருந்தால் திரும்பிப் போய் மூன்று விடை வரை மாற்றலாம். அதனால் ஒரு கேள்வியில் மூன்று நிமிடம் தாண்டினால் ஏதோ ஒன்றைப் போட்டு, அடையாளம் வைத்துவிட்டு நகருங்கள்.

இன்னொன்று, விசாவுக்கோ சேர்க்கைக்கோ ஐஎல்ற்ஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிச் சோதனை கேட்பார்கள். அங்கே எழுத்திலும் பேச்சிலும் சொல்வளத்துக்குக் காற்பங்கு புள்ளி இருக்கிறது. ஆனால் அது நீங்கள் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துகிறீர்களா என்று பார்ப்பது. ஜிஆர்ஈ கட்டில் இருந்து பெரிய சொல்லாக எடுத்துச் செருகினால் புள்ளி குறையும்.

கலண்டர்_தாள்

சோதனையை வீட்டிலிருந்து எழுதுவதா, கொழும்பில் நிலையத்துக்குப் போவதா?

நெல்லியடியான்

அதைத்தான் கேட்க இருந்தேன். வீட்டில் எழுதினால் பயணச் செலவு மிச்சம்.

சுண்டுக்குளி_அக்கா

வீட்டில் என்றால் அறையில் நீங்கள் மட்டும்தான் இருக்கலாம், கதவு சாத்தியிருக்க வேண்டும், கமெராவில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நடுவில் அம்மா ரீ கொண்டுவந்து வைத்தால் சோதனையே ரத்தாகலாம். மின்சாரம் போனால், இணையம் அறுந்தால் வேறு தலையிடி. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் திகதி எடுக்கவே கூடாது, இருபத்தைந்து நாளும் யாராவது உறவுக்காரர் வீட்டில் நிற்பார்கள். கொழும்பு என்றால் முதல் நாளே போய் ஒரு நல்ல நித்திரை கொள்ளுங்கள், இரவு பஸ்ஸில் இறங்கி நேரே போய் உட்கார வேண்டாம். இந்தப் பெயரில் இங்கே எழுதுகிறவர் கோபிக்கக் கூடாது.

இரவுபஸ்

கோபமில்லை அக்கா. நான் ரெயினில்தான் போனேன்.

நெல்லியடியான்

எங்கள் வீட்டு மதிலுக்கு அடுத்த பக்கம் பிள்ளையார் கோயில், ஒலிபெருக்கி இந்தப் பக்கம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். கொழும்புக்கே போகிறேன். தை பிறந்த பிறகு ஒரு திகதி பார்க்கிறேன். அதற்கிடையில் கணக்காண்டு முடிவு வேலை வந்துவிடும், யாராவது கணக்குப் பகுதியில் இருந்துகொண்டு எழுதியவர்கள் டிசம்பரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பனைவடலி

டிசம்பரில் புதுச் சொல் வேண்டாம், பழைய தாள்களை மட்டும் மீட்டுங்கள். கந்தோர் பஸ்ஸில் போகவர அதற்கு நேரம் காணும்.